வாசலைப் பார்த்த புற்று

சுவேலே
2 ஏப்ரல் 1986

அன்புள்ள காசிலி அண்ணனுக்கு,

தங்கை நெலிமா எழுதுவது. உங்கள் உடம்பு, அண்ணி ரூத் உடம்பு, பிள்ளைகள் உடம்பு எல்லாம் எப்படி இருக்கிறது? இங்கே நானும் என் மகள் நாஸ்வாவும் நலம். மாடு நலம். வீடு நலமில்லை.

நேற்று மத்தியானம் முதல் மழை விட்டதும் ஈசல் பறந்தது. ஊரே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு புற்றுகளின் பக்கம் ஓடியது. நானும் நம் புற்றின் மேல் வாழையிலைப் பந்தல் போட்டு, ஓரத்தில் குழி வெட்டி, காத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து நாஸ்வா கத்தினாள்: "அம்மா, வெளிய எதுக்கு உக்காந்திருக்க? இங்க உள்ளயே வருது!" அவளுக்கு ஒரே சந்தோஷம். ஈசல் பருவத்தில் பிறந்ததால்தானே அவளுக்கு அந்தப் பெயர். தன்னைப் பார்க்க வந்திருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. போய்ப் பார்த்தால், கூடத்துச் சுவரில் அப்பா படத்துக்குப் பின்னாலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது.

இறக்கை முளைத்த எறும்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் இறக்கை நீளம், பின் இறக்கை குட்டை. இதற்கு இடுப்பே இல்லை. நாலு இறக்கையும் ஒரே நீளம். ஜன்னல் விளிம்பில் உதிர்ந்துகிடந்த இறக்கையை மட்டும் இரண்டு கை அள்ளிக் கொட்டினேன். ஈசல் புற்றிலிருந்து பறந்தால் நமக்குச் சாப்பாடு. சுவரிலிருந்து பறந்தால், வீடு அதற்குச் சாப்பாடு.

புற்றைத் தோண்டி ராணிக் கறையானை எடுக்க வேண்டும் அண்ணா. வீடும் புற்றும் உங்களுடையவை. உங்கள் வார்த்தை இல்லாமல் நான் மண்வெட்டி வைக்க முடியாது. ஆகஸ்டில் உங்கள் மகன் லுஸ்வேட்டிக்கு விருத்தசேதனச் சடங்கு. அண்ணியின் சொந்தம் முழுக்க அந்தக் கூடத்தில்தான் ஆடப்போகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

எல்லோர் நலத்தையும் கேட்டுக் காத்திருக்கும்,
நெலிமா

*

மொம்பாசா
19 ஏப்ரல் 1986

அன்புத் தங்கைக்கு,

பார்வை: உன் 2ஆம் தேதிக் கடிதம். துறைமுக அலுவலகத்தில் இருபது வருஷம் இப்படியே எழுதி, வீட்டுக் கடிதத்திலும் வந்துவிடுகிறது. இங்கே எல்லோரும் நலம். வெயில்தான் தாங்கவில்லை.

உன் கடிதத்தை ரூத்துக்குப் படித்துக் காட்டினேன். "சாப்பாடு தானா வீட்டுக்குள்ள வந்து விழுது, அதுக்கும் ஒரு புகாரா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். புற்றைத் தொடும் பேச்சே வேண்டாம். எவன் வாசலைப் புற்று பார்த்திருக்கிறதோ அவனுக்குத்தான் ஈசல் என்பது நம் ஆட்களின் வழக்கம், உனக்குத் தெரியாததா? மகோக்கா சித்தப்பா முந்திக்கொண்டு அந்தப் பக்கம் குடிசை போடுவதற்குள், நான் பன்னிரண்டே காலடி தள்ளி வீட்டைக் கட்டி வாசலை வைத்தது எதற்கு? அப்பாவின் புற்று அது. இன்னும் நாலு வருஷத்தில் ஓய்வு பெற்று வந்து, அந்த வாசலில் உட்கார்ந்து ஈசல் பிடித்துத் தின்னப்போகிறேன்.

அஸ்திவாரத்துக்குச் செய்ய வேண்டியதெல்லாம் கட்டும்போதே செய்தாகிவிட்டது. கவலைப்படாதே. உப்புப் போட்டு வறுத்த ஈசல் ஒரு டப்பா பஸ்ஸில் கொடுத்துவிடு.

உன் நலம் நாடும்,
காசிலி

*

சுவேலே
4 மே 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அங்கே வெயில் கொஞ்சம் தணிந்ததா? ஈசல் இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். ஒன்று புற்றில் பிடித்தது, ஒன்று உங்கள் சுவரில் பிடித்தது. ருசியில் வித்தியாசம் தெரிகிறதா என்று அண்ணி சொல்லட்டும்.

அப்பா படத்தைக் கழற்றினேன். முன்பக்கம் பளபளவென்று இருந்த சட்டம் கையில் மாவாக உதிர்ந்தது. பின்னால் சுவரில் விரல் தடிமனுக்கு மண்குழாய் ஒன்று தரையிலிருந்து கூரை வரைக்கும் போகிறது. உடைத்தேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் ஈரமாகப் புதுக் குழாய். அதற்கப்புறம் தினமும் காலையில் விளக்குமாறும் கையுமாகச் சுவரைச் சுற்றி வருகிறேன். கதவு நிலையைத் தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம்.

மகோக்கா சித்தப்பா வந்தார். நான் மண்வெட்டியைத் தேடுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பொம்பள புத்துல கை வெச்சா வீட்டுக்குச் சொந்தக்காரன் செத்துப்போவான், தெரியுமில்ல?"

"வீட்டுக்காரன் மேலயே வீடு விழுந்தா மட்டும் பொழச்சுக்குவானா சித்தப்பா?"

"வாழாம வந்தவளுக்கு வாய் மட்டும் கொறச்சலில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். என் புருஷன் செத்த பிறகு அவன் தம்பிக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று நான் வந்ததை இவர் எட்டு வருஷமாக மறக்கவில்லை. போகும்போது புற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நடக்கும்போல இருக்கிறது. ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணா, தோண்டிவிடுகிறேன்.

நெலிமா

*

மொம்பாசா
9 ஜூன் 1986

நெலிமாவுக்கு,

நலம். நலமாக இருப்பாய் என நம்புகிறேன். கப்பல் வேலை அதிகம், பதில் தாமதம்.

மகோக்கா சித்தப்பா எனக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறார். கதவைத் தானே தட்டிப் பார்த்தாராம், கல் மாதிரி நிற்கிறதாம். ஆனால் நீ சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கிறாய், மக்காச்சோளக் கதிரைக் கூடத்தில் குவித்திருக்கிறாய் என்கிறார். கறையானை வரவழைத்தது யார் என்று நீயே யோசி.

இத்துடன் பஸ் நடத்துநரிடம் கறையான் மருந்து ஒரு டின் கொடுத்திருக்கிறேன். சுவரைச் சுற்றி ஊற்று. புற்றில் ஒரு சொட்டும் படக்கூடாது. கிமிலிலியிலிருந்து ரூத்தின் அண்ணன்மார் வருகிறார்கள். என்னைத் தலைகுனிய வைத்துவிடாதே.

காசிலி

*

சுவேலே
16 ஜூன் 1986

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் எல்லோரும் நலமாக இருங்கள்.

மருந்து டின் வந்தது. அதே பஸ்ஸில், அதே நடத்துநரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டின்னின் மேல் மண்டை ஓடு போட்டிருக்கிறதே, பார்த்தீர்களா? சுவருக்குள் இருப்பதும் புற்றில் இருப்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பன்னிரண்டு காலடி அவற்றுக்கு ஒரு தூரமா? சிறு மழைக்காலத்தில் மறுபடி ஈசல் பறக்கும்போது ஊர்ப் பிள்ளைகள் பச்சையாக வாயில் போட்டுக்கொள்ளும். எது மருந்து பட்டது, எது படாதது என்று கேட்டா தின்னும்? நாஸ்வாதான் முதல் ஆளாக நிற்பாள். உங்கள் கௌரவத்துக்கு என் பெண்ணைப் பலி கொடுக்கச் சொல்கிறீர்களா?

விறகைப் பற்றிச் சொன்னீர்கள். என் விறகு சமையல் குடிசைக்குப் பின்னால், கல்லின் மேல் இருக்கிறது. சுவரோரம் கிடப்பது நீங்கள் வீடு கட்டியபோது மிச்சமான பலகை. "நான் வந்து அலமாரி செய்வேன், எவனும் தொடாதே" என்று சொல்லிப் போட்டது.

உங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி வசிகேயைப் போய்ப் பார்த்தேன். வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேம்மா. மொதல்ல ராணியத் தோண்டி எடுத்துருவோம், அப்புறம் கடக்கால் போடுவோம்னு. உங்கண்ணன் கேட்டாரா? 'புத்துல கைய வெச்சா வேற மேஸ்திரியப் பாத்துக்கறேன்'னாரு. சரி, தகரத்தையாவது போடுங்கன்னேன்."

"எந்தத் தகரம்?"

"கடக்காலுக்கும் சுவத்துக்கும் நடுவுல விரிச்சு, ஓரத்தக் கீழ மடக்கி உட்றதும்மா. அப்புறம் அதுங்களால ஒளிஞ்சு ஏற முடியாது. சுத்திக்கிட்டு வந்தா மண்ணு வெளிய தெரிஞ்சிரும், தட்டி உட்றலாம். எட்டுத் தகரம் வாங்கி வெச்சிருந்தாரு. நான் ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சு வந்து பாக்கறேன், சுவரு எழும்பிருச்சு, தகரத்தக் காணோம்!"

காணாமல் போகவில்லை அண்ணா. இப்போதும் தெரிகிறது. இதை எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சித்தப்பாவின் கோழி வந்து ஈசலைக் கொத்தாமல் இருக்கப் புற்றைச் சுற்றி வேலியாக நிற்கிறது. வீட்டைக் காக்க வேண்டிய தகரத்தை எடுத்துக் கறையானைக் காத்திருக்கிறீர்கள்! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நெலிமா

*

சுவேலே
12 ஜூலை 1986

அண்ணனுக்கு,

நலமா? நாலு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலேயே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

கூடத்து உத்தரத்தில் ஏணி வைத்து ஏறி, கட்டைவிரலால் அழுத்தினேன். நகம் வரை உள்ளே போனது. சடங்குக்கு ஒரு மாதம்கூட இல்லை. முற்றத்தில் பந்தல் போட்டு வைத்துக்கொள்ளலாம், அதில் என்ன குறைச்சல்? தகரத்தைப் பற்றி நான் இனிப் பேசவில்லை. ஒரு வரி எழுதுங்கள்.

நெலிமா

*

மொம்பாசா
21 ஜூலை 1986

நெலிமாவுக்கு,

1. சடங்கு ஏற்கெனவே சொன்னபடி ஆகஸ்ட் 11 அன்று, என் வீட்டுக் கூடத்தில் நடக்கும்.
2. வீட்டுச் சாவியை மகோக்கா சித்தப்பாவிடம் ஒப்படைக்கவும்.
3. பயமாக இருந்தால் நீயும் உன் மகளும் சமையல் குடிசையில் படுத்துக்கொள்ளலாம்.
4. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளுக்கு நான் கூரை கொடுத்தேன். அந்தக் கூரையைக் குறை சொல்ல உனக்கு உரிமை கொடுக்கவில்லை.

ரூத் விசாரித்தாள்.

காசிலி

*

சுவேலே
24 ஆகஸ்ட் 1986

அண்ணனுக்கு,

உங்கள் நாலாவது எண்ணுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் காகிதம் எரிந்திருக்கும். சாவியை மட்டும் கொடுத்தேன்.

சடங்கு முடிந்த மூன்றாம் நாள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். கை எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தேன், நீங்கள் இல்லை. லுஸ்வேட்டிக்குக் காயம் ஆறிவருகிறது. கத்தி பட்டபோது பிள்ளை கண்ணைக்கூட இமைக்கவில்லை, ஊரே சொல்கிறது. அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் ஊர் வேறு மாதிரி சொல்கிறது. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன். எழுத்தில் இருக்கட்டும்.

சித்தப்பா கதவைத் திறந்துவிட்டார். லுஸ்வேட்டியை நிறுத்திப் பெரியவர்கள் வாழ்த்த, கூடத்தின் நடுவில் முக்காலி போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஆடுபவர்கள் மணியும் முரசுமாக முற்றத்தில் நின்றார்கள். நான் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காலை நம் ஆண்கள் யாரும் தாண்ட மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

"எந்திரிடீ, ஊரு சிரிக்குது" என்றார் சித்தப்பா.

"சிரிக்கட்டும். அழறதுக்கு அது தேவல."

அப்போதுதான் நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தீர்கள். கோட்டுப் போட்டிருந்தீர்கள். முகம் சிவந்திருந்தது.

"என் வீட்டு வாசல்ல எனக்கே தடையா?"

"இந்த நெலையக் கட்டவெரலால ஒரே ஒரு தடவ அமுத்திப் பாருங்கண்ணா. அப்புறம் நான் எந்திரிச்சுப் போயிடறேன்."

"வெறக ஒழுங்கா அடுக்கத் துப்பில்ல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!" என்று சொல்லி நிலைக்கட்டையில் ஓங்கிக் குத்தினீர்கள்.

மணிக்கட்டு வரை உள்ளே போனது. வெளியே இருந்தது வெறும் பெயிண்ட் மட்டும். மேல்கட்டை சரிந்து உங்கள் விரலை நசுக்கியது. நான் உருண்டு வெளியே விழுந்தேன். அடுத்த மூச்சுக்குள் உத்தரம் இரண்டும் கூரைப் பலகையும் கூடத்தில் இறங்கின. தூசி அடங்கிப் பார்த்தால் முக்காலியைக் காணவில்லை. உள்ளே யாரும் இல்லை. ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் நான் அண்ணியின் அண்ணன்மாருக்குக் கள் ஊற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் அவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "காத்து பலமா அடிச்சிருச்சு. தங்கச்சி வேற சுவத்தோரமா வெறக அடுக்கிக் கறையான ஏத்தி உட்டுட்டா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள். அன்று ஓர் இலைகூட அசையவில்லை அண்ணா!



நெலிமா

*

மொம்பாசா
30 செப்டம்பர் 1986

அன்புத் தங்கைக்கு,

இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். விரல் கூடிவருகிறது. நீயும் நாஸ்வாவும் நலமா? மழை எப்படி?

அலுவலகத்தில் கடன் கேட்டிருக்கிறேன். வேறு வீடு கட்டிவிடலாம். புற்றிலிருந்து அறுபது காலடி தள்ளியே இருக்கட்டும். உனக்குத் தனி அறை உண்டு, ஜன்னலோடு. வசிகே மேஸ்திரியைக் கேட்டுவை. மழைக் குளிருக்கு ஒரு கம்பளிப் போர்வை அனுப்பியிருக்கிறேன், இளம் பச்சை. உனக்குப் பிடித்த நிறம் என்று ரூத் சொன்னாள்.

நடந்தது நடந்துவிட்டது.

அன்புடன்,
காசிலி

*

சுவேலே
9 அக்டோபர் 1986

அண்ணனுக்கு,

விரல் தேறிவருவது கேட்டு நிம்மதி. போர்வை வந்தது. நாஸ்வா போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போய்வந்தாள். அது அவளுக்கே இருக்கட்டும். எனக்கு வேண்டியது போர்வை இல்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அறை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, மழை இருக்கிறது. இருக்க வேண்டிய ஒரு வார்த்தை இல்லை. "நடந்தது நடந்துவிட்டது" என்கிறீர்கள். தானாகவா நடந்தது?

சந்தையில் ஒருத்தி என் காதுபடச் சொல்கிறாள்: "அண்ணன் வீட்டத் தின்னவ வந்துட்டா பாரு." நாஸ்வாவைப் பள்ளிக்கூடத்தில் "கறையான் பெத்த பொண்ணே" என்று கூப்பிடுகிறார்கள். அவள் அடித்துவிட்டு வருகிறாள். நான் தடுப்பதில்லை. நவம்பர் 15ஆம் தேதி சித்தப்பா குலக்கூட்டம் கூட்டியிருக்கிறார். வாழாமல் வந்தவள் வீட்டைக் கெடுத்தாள், அவளை இந்த மண்ணில் வைத்திருக்கலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. நான் போய்விட்டால் அந்த வீட்டு மேடு யாருக்கு, புற்று யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இங்கே பிறந்தவள். என்னைப் போகச் சொல்ல இவர்கள் யார்? எனக்காகக் கெஞ்சி எழுதாதீர்கள். என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். எழுத மனமில்லை என்றால் இனி எதையும் எழுத வேண்டாம்.

நெலிமா

*

மொம்பாசா
5 நவம்பர் 1986

நெலிமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

லுஸ்வேட்டி இங்கே வந்து சேர்ந்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டான்: "அப்பா, அத்த வாசல்ல உக்காராம இருந்திருந்தா நான் அப்ப எங்க நின்னுக்கிட்டிருந்திருப்பேன்?" ரூத் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

மகோக்கா சித்தப்பாவுக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. கூட்டத்தில் உரக்க வாசிக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அலுவலக வழக்கப்படி நகல் உனக்கு. வலது கையால் எழுதியது.

"குலப் பெரியவர்களுக்கு, கயெம்பாவின் மகன் காசிலி வணங்கி எழுதுவது. என் வீடு காற்றில் விழவில்லை. ராணியை எடுக்கச் சொன்ன மேஸ்திரியைத் தடுத்தவன் நான். அஸ்திவாரத்தில் போட வேண்டிய தகரத்தை எடுத்துப் புற்றுக்கு வேலி அடித்தவன் நான். என் தங்கை நெலிமா ஏப்ரல் மாதமே எழுதினாள், நான் சிரித்தேன். அவள் விறகுதான் காரணம் என்று மகோக்கா சித்தப்பா எழுதியது பொய், அது பொய் என்று தெரிந்தும் எனக்கு வசதியாக இருந்ததால் பிடித்துக்கொண்டேன். என் மகன் உயிரோடு இருப்பது அவள் காலை நீட்டி உட்கார்ந்ததால். அந்த மண்ணில் அவள் இருக்கும் வரைதான் அது என் வீடு. புற்றைத் தோண்ட அவளுக்கு என் வார்த்தை கொடுக்கிறேன்."

காசிலி

*

சுவேலே
23 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் விரல் வளையுமா? வெந்நீரில் வைத்து மெல்ல மடக்கிப் பழகுங்கள், கூச்சப்படாமல் அண்ணியைப் பிடித்துவிடச் சொல்லுங்கள்.

நேற்று ராணியை எடுத்தோம். வசிகே மேஸ்திரி தோண்டினார், கடைசி மண்ணை நான் விலக்கினேன். உங்கள் விரல் நீளத்துக்கு இருந்தாள். இதுவரை யாரும் சாகவில்லை. தகரம் எட்டில் ஆறு தேறும் என்கிறார் மேஸ்திரி, துரு அவ்வளவு இல்லையாம். புது வீட்டுக்கு அறுபது காலடி நானே அளந்து குச்சி நட்டுவிட்டேன். வாசல் பாதையைப் பார்க்கும். வரும் ஏப்ரலில் நம் முற்றத்தில் ஈசல் பறக்காது. உங்களுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சித்தப்பா வீட்டில் கேட்க மாட்டேன்.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். சித்தப்பா கடிதத்தை எடுத்து, கண்ணாடி போட்டு, நன்றாகத்தான் ஆரம்பித்தார். தகரத்தைப் பற்றிய வரி வந்ததும் எல்லோரும் திரும்பிப் புற்றைப் பார்த்தார்கள். நான் நகலை மடியில் வைத்து ஒவ்வொரு வரியாகக் கூடவே வந்துகொண்டிருந்தேன். "நான் சிரித்தேன்" என்று வாசித்தவர், அடுத்து நேராக "என் மகன் உயிரோடு இருப்பது" என்று போய்விட்டார்.

எழுந்து நின்றேன்.

"சித்தப்பா, நடுவுல ஒரு வரி உட்டுப்போச்சு."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா."

"நாஸ்வா, தாத்தாவுக்கு வெரல் வெச்சுக் காட்டு."

அவள் பச்சைப் போர்வையோடு போய் அவர் பக்கத்தில் நின்று, அந்த வரியில் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை. அவர் முனகலாக வாசித்து முடித்தார்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றேன்.

மறுபடி வாசித்தார். இந்தத் தடவை சாலைவரை கேட்டது.

உங்கள் தங்கை,
நெலிமா